பதினைந்து சதவீதம்

1968ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவரும் வேதியியல் இதழ் ஒன்றில் மிகச் சிறிய கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நோல்ஸ், சபாக்கி என்ற இருவர். இருவருமே பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மான்சான்டோ என்ற இரசாயனக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு ஆய்வு செய்தவர்கள். கட்டுரையின் சாரத்தை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம்: 15 சதவீதம்.

அவர்கள் தயாரித்த மூலக்கூறுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஆய்வகத்தில் தயாரித்தால் இரண்டும் நூற்றுக்கு ஐம்பது ஐம்பது என்று சரிபாதியாகவே வரும். நோல்ஸின் குடுவையில் ஒரு வடிவம் 57.5 பங்கும் மற்றது 42.5 பங்குமாக வந்தது. வித்தியாசம், அதாவது ஒரு கையின் மிகை, 15.

அந்தக் கலவையை வைத்துக்கொண்டு ஒரு மாத்திரை கூடச் செய்ய முடியாது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டு வேதியியலின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்று அந்த எண்ணுக்குள் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாடநூல்கள் பின்னால் கிடைத்த 95 சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியது 15தான்.

அதன் அருமை புரிய, மூலக்கூறுகளின் கைத்தன்மையிலிருந்து தொடங்க வேண்டும். நம் இரண்டு கைகளிலும் ஐந்து விரல்கள்தான், அதே வரிசைதான். ஆனால் வலக்கையை எப்படித் திருப்பினாலும் இடக்கை உறை அதில் பொருந்தாது. ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் அமையும்போதும் இதே நிலைதான். கார்பனின் நான்கு பிணைப்புகள் ஒரு நான்முகியின் நான்கு முனைகளை நோக்கி நீள்கின்றன என்று 1874இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியாகச் சொன்னார்கள். அந்த நான்கு முனைகளிலும் நான்கு வேறு தொகுதிகள் இருந்தால் அவற்றை அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாகவே இருக்கும். இவற்றை எதிருருக்கள் என்கிறோம். எடை, உருகுநிலை, கரைதிறன் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. தராசாலோ வெப்பமானியாலோ பிரித்தறிய முடியாது.

உடம்பு பிரித்தறிந்துவிடும். புதினாவின் வாசனைக்குக் காரணமான கார்வோன் என்ற பொருளும் சதகுப்பை விதையின் வாசனைக்குக் காரணமான கார்வோனும் அணுவுக்கு அணு ஒன்றே. கை மட்டும் வேறு. மூக்கின் ஏற்பிகளும் கைத்தன்மை கொண்ட புரதங்கள் என்பதால் இரண்டும் இரண்டு வாசனைகளாகத் தெரிகின்றன. நம் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள், கிளைசின் ஒன்று நீங்கலாக, எல்லாம் ஒரே கை. நம் மரபுப்பொருளில் உள்ள சர்க்கரையும் ஒரே கைதான். அத்தகைய உடம்புக்குள் போகும் மருந்தின் இரண்டு எதிருருக்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. இந்த இடத்தில் தாலிடோமைடு மருந்தின் சோகத்தைச் சொல்லி, ஒரு கை நல்லது மறு கை தீயது என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த மருந்தின் இரண்டு எதிருருக்களும் உடம்புக்குள்ளேயே ஒன்று மற்றதாக மாறிக்கொள்கின்றன. ஆகவே நல்ல கையை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கைத்தன்மையின் முக்கியத்துவத்தைக் காட்ட அதைவிடத் தெளிவான சான்று ஒன்று இந்த அத்தியாயத்திலேயே வருகிறது.

இரண்டும் சரிபாதியாக ஏன் வருகின்றன? இரட்டைப் பிணைப்புள்ள ஒரு மூலக்கூறுடன் ஹைட்ரஜனைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். தாவர எண்ணெயை வனஸ்பதியாக்கும்போது நிக்கல் தூளின் மேல் நடப்பது இந்த வினைதான். இரட்டைப் பிணைப்பு இருக்கும் பகுதி தட்டையானது. ஹைட்ரஜன் மேல்பக்கமாக வந்து சேர்ந்தால் ஒரு கை. கீழ்ப்பக்கமாக வந்து சேர்ந்தால் மறு கை. நிக்கலுக்கு மேலும் கீழும் ஒன்றுதான், ஏனென்றால் நிக்கலுக்குக் கை கிடையாது. கையில்லாத பொருள்களை மட்டும் கலந்தால் கையுள்ள விளைபொருள் ஒருபக்கமாக வராது. இதற்கு விதிவிலக்குகள் மிக அபூர்வம்.

அப்படியானால் ஒரே கை மட்டும் வேண்டும் என்பவர் என்ன செய்வார்? 1848இல் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தவற்றைக் கையாலேயே தனித்தனியாகப் பொறுக்கினார். அப்படிப் பொறுக்க வசதியாகப் படிகமாகும் பொருள்கள் அபூர்வம். பொதுவான வழி, கலவையுடன் கைத்தன்மையுள்ள வேறொரு இயற்கைப் பொருளைச் சேர்த்து, அதனால் உண்டாகும் கரைதிறன் வேறுபாட்டைக் கொண்டு பிரிப்பது. பிரித்த பின் பாதிச் சரக்கு வேண்டாத கை. அதைக் கொட்ட வேண்டும், அல்லது மறுபடி சரிபாதிக் கலவையாக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொழிற்சாலைகளின் நிலை இதுதான்.

நொதிகள் மட்டும் இந்த வேலையைச் சர்வசாதாரணமாகச் செய்தன. நொதி தானே கைத்தன்மை கொண்டது, வினையூக்கியும் கூட. ஒரே நொதி மூலக்கூறு ஆயிரக்கணக்கான விளைபொருள் மூலக்கூறுகளை ஒரே கையில் வார்த்துத் தள்ளும். இதை உயிருக்கு வெளியே, மனிதன் கட்டிய சிறு மூலக்கூறால் செய்ய முடியுமா? முயன்றவர்கள் உண்டு. ஜப்பானில் அகாபோரியின் குழு 1956இல் பட்டு நூலின் மேல் பல்லேடியத்தைப் படிய வைத்துப் பார்த்தது. பட்டு ஒரு புரதம். அதன் கைத்தன்மை உலோகத்துக்குக் கொஞ்சம் தொற்றிக்கொள்ளும் என்பது எண்ணம். எண்ணம் அழகானது. ஆனால் திடப்பொருளின் மேற்பரப்பில் வினை எந்த இடத்தில் நடக்கிறது, அந்த இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததைத் திருத்தி அமைக்கவும் முடியாது.

வில்லியம் ஸ்டாண்டிஷ் நோல்ஸ் 1917ஆம் ஆண்டு ஜூன் மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டாண்டன் நகரில் பிறந்தவர். 1939இல் ஹார்வர்டில் பட்டம், 1942இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். போர்க்காலம், நேராக மான்சான்டோவில் சேர்ந்தார். முதலில் டேட்டன் நகர ஆய்வகம், 1944 முதல் செயின்ட் லூயிஸ். 1951இல் கம்பெனி அவரை ஹார்வர்டுக்கு அனுப்பி, ராபர்ட் உட்வார்டிடம் ஸ்டீராய்டுகளின் முழுத் தொகுப்பில் பணியாற்ற வைத்தது. கைத்தன்மையின் தொல்லையைக் கற்க அதைவிடக் கடுமையான பள்ளி இல்லை. கொலஸ்ட்ராலை எடுத்துக்கொண்டால் அதில் கைத்தன்மை கொண்ட கார்பன்கள் 8. கோட்பாட்டளவில் 256 வடிவங்கள் சாத்தியம். உயிர்கள் செய்வது ஒன்றே ஒன்றை.

உட்வார்டைப் போல நோல்ஸ் பெயர் பெற்றவர் அல்லர். ஆய்வைத் தொடங்கியபோது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் பெரிய மாணவர் படை கிடையாது. கம்பெனி ஆய்வகங்களில் நேரத்துக்குக் கணக்குக் கேட்பார்கள்; உடனடி விற்பனைக்கு உதவாத ஒரு கேள்வியைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கத் தனி மனவுறுதி வேண்டும். அவருக்கு வழி திறந்தது இரண்டு வெளிச் செய்திகளால்.

முதலாவது லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து வந்தது. அங்கே ஜெஃப்ரி வில்கின்சன் 1960களின் நடுவில் ரோடியம் உலோகத்தின் ஒரு சேர்மத்தைக் கண்டுபிடித்திருந்தார். ரோடியம் அணுவை மூன்று பாஸ்பீன் மூலக்கூறுகளும் ஒரு குளோரினும் சூழ்ந்திருக்கும். அது கரைப்பானில் கரைந்து, கரைந்த நிலையிலேயே ஹைட்ரஜனை இரட்டைப் பிணைப்பின் மேல் சேர்க்கும். தூள் இல்லை, மேற்பரப்பு இல்லை. வினை நடக்கும் இடம் ஒரு தனி உலோக அணு. அதைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்பது அணு அணுவாகத் தெரியும். உலோகத்தைப் பற்றி நிற்கும் அந்த மூலக்கூறுகளை ஈனிகள் என்பார்கள். ஈனியை மாற்றினால் உலோகத்தின் சுற்றுப்புறம் மாறும்.

இரண்டாவது செய்தி பாஸ்பரஸ் பற்றியது. ஒரு பாஸ்பரஸ் அணுவில் மூன்று வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருந்தால் அதுவும் கைத்தன்மை பெறும். நான்காவது முனையில் ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. நைட்ரஜனில் இந்த அமைப்பு காற்றில் திரும்பும் குடை போல நொடிக்கு நொடி உள்வெளியாகப் புரண்டுவிடும். பாஸ்பரஸில் புரளாமல் நிற்கும். இத்தகைய பாஸ்பீன்களை ஒரே கையில் தயாரிக்கும் முறைகளை ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் லியோபோல்டு ஹோர்னரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கர்ட் மிஸ்லோவும் உருவாக்கியிருந்தார்கள். மிஸ்லோவின் முறை மென்தாலைக் கொண்டது. புதினாக் குடும்பத்துச் செடியில் இயற்கை ஒரே கையில் செய்து வைத்த மென்தாலைப் பாஸ்பரஸ் சேர்மத்துடன் பிணைத்து, உண்டாகும் இரண்டு வகைகளையும் பிரித்து, பிறகு மென்தாலைக் கழற்றிவிட வேண்டும். செடியின் கைத்தன்மை பாஸ்பரஸுக்கு வந்து சேர்ந்துவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் நோல்ஸ். வில்கின்சனின் சேர்மத்தில் உள்ள சாதாரணப் பாஸ்பீனை எடுத்துவிட்டுக் கைத்தன்மையுள்ள பாஸ்பீனை வைத்தால் என்ன ஆகும்? மெத்தில், புரோப்பில், பினைல் என்ற மூன்று தொகுதிகள் கொண்ட பாஸ்பீன் ஒன்றைத் தயாரித்தார்கள். அதுகூட முழுத் தூய்மையானதல்ல. அதை ரோடியத்துடன் சேர்த்து, பினைல் அக்ரிலிக் அமிலம் என்ற எளிய மூலக்கூறின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினார்கள். கிடைத்தது 15 சதவீத மிகை. அதே 1968இல் ஹோர்னரின் குழுவும் தனியாக இதே எண்ணத்தைச் சோதித்து, இதுபோலவே சிறிய மிகைகளைக் கண்டு வெளியிட்டது. இந்தப் பெருமையில் ஹோர்னருக்கும் பங்குண்டு.

இந்த எண் ஏன் அவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹைட்ரஜன் மேல்பக்கம் வரும் பாதைக்கும் கீழ்ப்பக்கம் வரும் பாதைக்கும் இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம்தான் விகிதத்தைத் தீர்மானிக்கிறது. அறை வெப்பநிலையில் 15 சதவீத மிகை வர, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 0.2 கிலோகலோரி வித்தியாசம் போதும். 95 சதவீதம் வர எவ்வளவு வேண்டும்? ஏறத்தாழ 2.2 கிலோகலோரி. ஈத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பன் மற்றதைச் சார்ந்து சுழலும்போது தாண்ட வேண்டிய தடை சுமார் 3 கிலோகலோரி. அதாவது ஒரு சாதாரண ஒற்றைப் பிணைப்பு சுழல்வதற்கு ஆகும் செலவைவிடக் குறைந்த ஆற்றலில், பயனற்ற கலவையும் தூய மருந்தும் வேறுபடுகின்றன. சுழியத்திலிருந்து 0.2க்கு வந்தாகிவிட்டது. இங்கிருந்து 2.2க்குப் போவது தச்சுவேலை போன்றது. தொகுதிகளை மாற்றி மாற்றிச் செதுக்கிப் பார்க்கலாம். ஒரு சிறு மூலக்கூறு, நொதியின் உதவியே இல்லாமல், மேலையும் கீழையும் பிரித்தறியுமா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வந்துவிட்டது.

வழி கண்டுகொண்டவர்கள் நோல்ஸ் குழுவினர் மட்டும் அல்லர். 1971இல் பாரிஸ் அருகே ஓர்சேயில் ஆன்ரி காகான், டாங் என்பவருடன் சேர்ந்து எல்லோரையும் திகைக்க வைத்தார். உலோகத்தை நேரே தொடும் பாஸ்பரஸில்தான் கைத்தன்மை இருக்க வேண்டும் என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். காகானின் ஈனியில் பாஸ்பரஸுக்குக் கையே இல்லை. இரண்டு பாஸ்பரஸ்களை இணைக்கும் கார்பன் சட்டத்தில்தான் கை இருந்தது. இரண்டு பாஸ்பரஸ்களும் ஒரே ரோடியத்தை இருபுறமும் பற்றியதால் அமைப்பு இறுகி நின்றது. அந்தச் சட்டத்தை அவர் செய்தது டார்டாரிக் அமிலத்திலிருந்து, பாஸ்டர் படிகம் பொறுக்கிய அதே அமிலத்திலிருந்து. டையாப் என்று பெயரிடப்பட்ட அந்த ஈனி சில அமினோ அமிலங்களில் 70 சதவீதத்தைத் தாண்டிய மிகையைத் தந்தது. 2001இல் இந்தத் துறைக்கு நோபெல் பரிசு வந்தபோது, மூவருக்கு மேல் கிடையாது என்ற விதியால் காகான் விடுபட்டார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

செயின்ட் லூயிஸில் இதற்குள் வேலை வேறு திசையில் வேகமெடுத்திருந்தது. காரணம் ஒரு மருந்து.

பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் டோபமின் என்ற பொருள் குறைந்துபோகிறது. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் டோபமின் மூளைக்கு இன்றியமையாதது என்று காட்டினார். வியன்னாவில் ஓலெ ஹோர்னிகியெவிச் இறந்த நோயாளிகளின் மூளையில் அது குறைந்திருப்பதைக் கண்டார். டோபமினையே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்னோடியான எல்-டோபா என்ற அமினோ அமிலம் நுழையும். உள்ளே போய் டோபமினாக மாறும்.

எல்-டோபா புதிய பொருள் அல்ல. 1913இல் பாசெல் நகரில் மார்கஸ் குகன்ஹைம் அதை ஒரு வகை அவரையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். நம்மூர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் அது நிறைய இருக்கிறது; அதைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அப்போது அது ஒரு மருந்தாகும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை.

1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் பெரிய அளவில் டோபாவைக் கொடுத்து, விறைத்துக் கிடந்த நோயாளிகளை நடமாட வைத்தார். அவர் முதலில் கொடுத்தது இரண்டு கைகளும் கலந்த கலவை. டி-டோபா மூளையில் டோபமினாக மாறுவதில்லை. உதவாத அந்தப் பாதியையும் உடம்பு சுமக்க வேண்டியிருந்தது. சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. தூய எல்-டோபாவுக்கு மாறியதும் பாதி அளவே போதுமானதாயிற்று, தொல்லையும் குறைந்தது. முன்னே சொன்ன தெளிவான சான்று இதுதான். ஆனால் பாதி என்றாலும் ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் தேவைப்பட்டது, அதுவும் ஆண்டுக்கணக்கில். டன் கணக்கில் ஒரே கை எல்-டோபா வேண்டும்!

மான்சான்டோ அப்போது வனிலின் தயாரித்துவந்தது, ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் அதே வனிலின். டோபாவின் பென்சீன் வளையத்தில் இரண்டு ஆக்சிஜன்கள் அடுத்தடுத்து நிற்கும், வனிலினிலும் அப்படியே. அதனால் வனிலினிலிருந்து டோபாவுக்கான இடைநிலைப் பொருளைச் செய்து, சரிபாதிக் கலவையாகவே ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனிக்குக் கொடுத்துவந்தார்கள். அவர்கள் அதை எதிருருக்களாகப் பிரித்து மருந்தாக்கினார்கள். இந்தத் தயாரிப்பின் நடுவில் ஒரு படி நோல்ஸின் கண்ணில் பட்டது: இரட்டைப் பிணைப்பு ஒன்றின் மேல் ஹைட்ரஜனைச் சேர்க்கும் படி. கை உண்டாவது சரியாக அந்த இடத்தில்தான். தன் வினையூக்கி அங்கே வேலை செய்தால் பிரிக்கும் வேலையே தேவையில்லை.

செதுக்கல் தொடங்கியது. பாஸ்பரஸின் மேல் இருந்த ஒரு தொகுதியை எடுத்துவிட்டு, ஆக்சிஜன் கிளை கொண்ட அனிசைல் என்ற வளையத்தை வைத்தார்கள். பாம்ப் என்ற அந்தப் பாஸ்பீன் ஐம்பதைத் தாண்டியது. பினைல் வளையத்துக்குப் பதிலாகத் தட்டையில்லாத சைக்ளோஹெக்சைல் வளையத்தை வைத்துக் கேம்ப் என்ற ஈனியைச் செய்தபோது மிகை 88 சதவீதத்தைத் தொட்டது. மூன்று நான்கு ஆண்டுகளில் 15இலிருந்து 88. இயற்கையின் நொதியில் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் சேர்ந்து செய்யும் வேலையை, ஒரு பாஸ்பரஸும் மூன்று தொகுதிகளும் கொண்ட பொருள் ஏறக்குறைய எட்டிப் பிடித்திருந்தது.

இந்த வேகத்துக்குச் செதுக்கல் மட்டும் காரணமல்ல. டோபாவின் இடைநிலைப் பொருளில் இரட்டைப் பிணைப்பின் அருகே ஒரு அமைடு தொகுதி இருக்கிறது. அதன் ஆக்சிஜனும் ரோடியத்தைப் பற்றிக்கொள்கிறது. முதலில் சோதித்த பினைல் அக்ரிலிக் அமிலத்தில் இத்தகைய அமைடுப் பிடிப்பு இல்லை. இங்கே மூலக்கூறு இரண்டு இடங்களில் உலோகத்தை இறுகப் பற்றுவதால் அசைய இடமின்றி நிற்கிறது. ஈனியின் சிறு மேடுபள்ளங்கள்கூட அதன் மேல் முழுமையாகச் செல்லுபடியாகின்றன. மருந்துக்காகத் தேர்ந்த மூலக்கூறு, வேதியியலுக்கும் மிகப் பொருத்தமானதாக அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

காகானின் பாடத்தையும் நோல்ஸ் குழு எடுத்துக்கொண்டது. குழுவில் இருந்த வைன்யார்டு முதலானோர் இரண்டு பாம்ப் மூலக்கூறுகளைக் கார்பன் பாலத்தால் இணைத்தார்கள். கைத்தன்மை பாஸ்பரஸிலேயே இருந்தது, அவர்கள் பழைய நம்பிக்கைப்படி. இருபுறமும் பற்றும் இறுக்கம் ஓர்சேயிலிருந்து வந்தது. டிபாம்ப் என்ற அந்த ஈனி 95 சதவீதத்தைத் தந்தது. கேம்ப்பைவிடச் செய்வதும் கையாள்வதும் எளிதாக இருந்தது. மீதமிருந்த வேண்டாத கையைப் படிகமாக்கலே ஒதுக்கிவிட்டது: தூய எல் வடிவம் படிகமாகிக் கீழே இறங்க, கலவையான எச்சமும் வினையூக்கியும் கரைசலிலேயே தங்கின. வடிகட்டினால் முடிந்தது.

1974இல் மான்சான்டோ இந்த முறையில் எல்-டோபாவை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. மனிதன் கட்டிய, கைத்தன்மையுள்ள உலோக வினையூக்கியைக் கொண்டு நடந்த உலகின் முதல் தொழிற்சாலைத் தயாரிப்பு அது. பரிசோதனைக் குடுவையில் 15 சதவீதம் கண்டதற்கும் தொழிற்சாலையில் கலன்கள் ஓடியதற்கும் இடையே ஆறே ஆண்டுகள். ரோடியம் தங்கத்தோடு போட்டியிடும் விலையுள்ள உலோகம், ஈனியைச் செய்வதும் பெரும்பாடு. ஆனால் ஒரு வினையூக்கி மூலக்கூறு ஆயிரக்கணக்கான முறை உழைப்பதால் கணக்கு கட்டுப்படியாயிற்று.

அதன் பிறகு இந்தத் துறை நோல்ஸின் கைகளைவிட்டுப் பெரிதாக வளர்ந்தது. ஜப்பானின் நகோயாவில் ரியோஜி நொயோரி, இரண்டு நாஃப்தலீன் தட்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் பைனாப் என்ற ஈனியை 1980இல் வெளியிட்டார். அதில் பாஸ்பரஸுக்கும் கையில்லை, எந்தக் கார்பனுக்கும் கையில்லை. முறுக்கு மட்டுமே கைத்தன்மை. 1983 முதல் தக்காசாகோ கம்பெனி அதைக் கொண்டு, டர்பன்டைனிலிருந்து கிடைக்கும் மிர்சீனில் தொடங்கி, மென்தாலைத் தயாரிக்கிறது. பாஸ்பரஸுக்குக் கை கொடுக்க மிஸ்லோ செடியிடம் கடன் வாங்கிய அதே மென்தாலை, இப்போது பாஸ்பரஸ் ஈனி தொழிற்சாலையில் செய்கிறது. நோல்ஸ் 1986இல் ஓய்வு பெற்றார். மனைவியின் குடும்பத்திலிருந்து வந்த 100 ஏக்கர் பண்ணையில் அந்த மண்ணுக்குரிய பழைய புல்வெளியை மீட்டு வளர்ப்பதில் நாள்களைச் செலவிட்டார். 2001இல் நொயோரி, பாரி ஷார்ப்லெஸ் ஆகியோருடன் நோபெல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 84. 2012இல் தம் 95ஆம் வயதில் காலமானார்.

டிபாம்ப் ஏன் வேலை செய்கிறது என்ற கேள்விக்கு, அது தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் விடை கிடைத்தது. அந்த விடை எல்லோருடைய எதிர்பார்ப்புக்கும் நேர்மாறாக இருந்தது.

எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டும் சாவியும் என்ற கருத்தை வைத்தே எல்லோரும் நினைத்தார்கள். வினையூக்கியில் சரியான பக்கம் நன்றாகப் பொருந்தும், தவறான பக்கம் சரியாகப் பொருந்தாது. நன்றாகப் பொருந்தியதில்தான் வினை நடக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹால்பர்னின் குழு இதைச் சோதித்தது. ரோடியமும் ஈனியும் வினைப்பொருளும் சேர்ந்த இடைநிலைச் சேர்மத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். படிகத்தில் நன்றாகப் பொருந்தியிருந்தது தவறான பக்கம். அந்த நிலையிலிருந்து ஹைட்ரஜன் சேர்ந்தால், வேண்டாத கைதான் வர வேண்டும். குடுவையில் வருவதோ வேண்டிய கை!

டிபாம்ப்பிலும் அளந்து பார்த்தபோது புதிர் விடுபட்டது. பினைலாலனின் வகை மூலக்கூறு ஒன்றில், தவறான பக்கமாகப் பொருந்திய சேர்மம் சுமார் பத்துப் பங்கு என்றால் சரியான பக்கமாகப் பொருந்தியது ஒரே பங்கு. ஆனால் அந்தச் சிறுபான்மை, ஹைட்ரஜனுடன் ஐந்நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில் வினைபுரிகிறது. பெரும்பான்மை வசதியாகப் பொருந்தி, அந்த வசதியினாலேயே நகராமல் நிற்கிறது. நெருக்கடியில் நிற்கும் சிறுபான்மை பாய்ந்து வினைபுரிந்துவிடுகிறது. குறைந்துபோன சிறுபான்மையை ஈடுசெய்யப் பெரும்பான்மையில் சில மூலக்கூறுகள் பிடியை விட்டு, மறுபக்கமாகத் திரும்பிப் பற்றுகின்றன. அவையும் உடனே தீர்ந்துபோகின்றன. பத்துக்கு ஒன்று என்ற குறைவையும் ஐந்நூறுக்கு மேற்பட்ட வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் விளைபொருளில் ஏறத்தாழ 50க்கு 1 என்று வரும். அது 96 சதவீத மிகை. குடுவையில் அளந்ததும் அதுதான்.

தொழிற்சாலைக்காரர்கள் கவனித்திருந்த ஒரு விசித்திரமும் இதனால் தெளிந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினால் மிகை குறைந்துபோகும். அழுத்தம் கூடும்போது ஹைட்ரஜன் முந்திக்கொள்கிறது. பெரும்பான்மைச் சேர்மம் பிடியை விட்டு மறுபக்கம் திரும்ப அவகாசம் கிடைப்பதில்லை, நின்ற இடத்திலேயே வினைபுரிந்து வேண்டாத கையைத் தந்துவிடுகிறது. வெப்பநிலையைக் கொஞ்சம் உயர்த்தினாலோ, திரும்புதல் வேகம்பெற்று மிகை மீண்டும் ஏறுகிறது.